இடப்பக்க நாற்காலி

"கனம் கோர்ட்டார் அவர்களே" என்று தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெர்லீன் அப்படியே தொடங்கினாள்.

பெர்னிஸ் வீட்டுக் கூடத்தில் ஏழு பெண்கள் கண்களை மூடியிருந்தார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே பரலோக நீதிமன்றம் கூடும். ஜெபம் என்றால் கெஞ்சுவதல்ல, வழக்காடுவது என்பது பெர்னிஸின் கட்சி. தீர்ப்பு தட்டுவதற்கு ஒரு மரச்சுத்தியல்கூட வைத்திருந்தாள். செத்துப்போன அவள் கணவர் மாட்டு ஏலத்தில் தட்டிய சுத்தியல்.

வலப்பக்க நாற்காலி, பரிந்து பேசும் இயேசுவுக்கு. இடப்பக்க நாற்காலி, குற்றஞ்சாட்டுகிறவனுக்கு, அதாவது பிசாசுக்கு.

அதுவும் சாதாரண மடக்கு நாற்காலிதான். ஆனாலும் ஒன்பது வருடத்தில் யாரும் அதில் தவறிக்கூட உட்கார்ந்ததில்லை. கைப்பையைக்கூட வைத்ததில்லை.

இன்றைய வழக்கு, வெர்லீனின் கணவன் கர்ட்டிஸின் உயிர்.

ஆலங்கட்டி மழையில் பொத்தலான கொட்டகைக் கூரையை அடைக்க ஏறியவன் தலைகுப்புற விழுந்தான். அமரில்லோ நகர ஆஸ்பத்திரியில் எட்டு நாளாக இயந்திரம்தான் அவனுக்காக மூச்சு விடுகிறது. வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெர்லீன் வாதாடினாள். சபைக்குக் கூரை போட்டுத் தந்தவன். விதவைகளின் வேலியைக் கேட்காமலே கட்டிக்கொடுப்பவன். ஞாயிறு தவறாதவன். ஒவ்வொன்றுக்கும் ஆமென் விழுந்தது. பொய்யில்லை, ஊரில் யாரைக் கேட்டாலும் கர்ட்டிஸைத் தங்கம் என்றுதான் சொல்வார்கள்.

ஆகஸ்ட் வெயில். பெர்னிஸின் ஏசி முனகியதே தவிர காற்று வரவில்லை.

"சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கோ கண்ணு. வெந்துபோயிருவ" என்றாள் பெர்னிஸ்.

"இல்ல சிஸ்டர். எனக்குக் குளிருது."

அடுத்தது எதிர்த்தரப்பு. எல்லோரும் பயப்படும் கட்டம் இதுதான்.

குற்றஞ்சாட்டுகிறவன் பேசுவதைக் கேட்டுச் சொல்பவள் லடோனா. மற்ற நாட்களில் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் உருளைக்கிழங்கு மசிப்பவள். புதன்கிழமை அவளுக்குக் காட்சி வரும். அவன் சொல்லும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இயேசுவின் இரத்தத்தால் கழுவும்படி கேட்டால்தான் தீர்ப்பு கிடைக்கும்.

அவனும் லேசுப்பட்டவன் அல்ல. பெர்னிஸின் முழங்கால் வலிக்கே, அவள் பாட்டன் காய்ச்சிய கள்ளச்சாராயத்தைத் தோண்டி எடுத்தவன். காணாமல்போன ஒரு நாய்க்கு நான்கு குற்றம் சொன்னவன். இரவும் பகலும் தூங்காதவனுக்கு எந்த வீட்டுச் சமையலறையில் என்ன நடக்கிறதென்று தெரியாதா?

அவன் வாயைக் கட்டும் ஆண்டவரே என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெர்லீன் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

லடோனா இடப்பக்க நாற்காலியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். எங்கோ ஒரு ஈ ஜன்னல் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது.

"உக்காந்திருக்கான்" என்றாள் கடைசியில். "மடியில கோப்பு இருக்கு. இவ்ளோ தடிமன் நான் பாத்ததே இல்ல. ஆனா திறக்க மாட்டேங்கறான். சும்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

அவள் குரல் இறங்கியது.

"ஆட்சேபணை இல்லைங்கறான் சிஸ்டர். அந்த ஆளு நல்லபடியா வீடு போய்ச் சேரட்டும்கறான். எந்திரிச்சுட்டான். கோப்ப நாற்காலியிலயே வச்சுட்டுப் போறான்."

ஒன்பது வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை. கூடம் அழுதது, சிரித்தது. ஒருத்தி அப்படியே முழங்காலில் விழுந்தாள். பிசாசே குறை சொல்ல முடியாத மனுஷன் என்று பெர்னிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெர்லீன் கண்ணைத் திறந்து இடப்பக்க நாற்காலியைப் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருடமாக அவள் வாயில் வராததை அவனாவது சொல்வான் என்றுதான் அவள் இங்கே வந்திருந்தாள். ஒரே ஒரு முறை, நான்கு பேர் காதில் விழும்படி. யார் சொன்னாலும் சரி, பிசாசு சொன்னாலும் சரி.

தன் ஆளை எவன் காட்டிக்கொடுப்பான்?

அவள் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாத்தனாரின் செய்தி. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து எல்லோருக்குமாக உரக்கப் படித்தாள். கர்ட்டிஸின் வலது கை அசைகிறதாம். விரல்களை மூடி மூடித் திறக்கிறானாம்.

அல்லேலூயா கூரையைத் தூக்கியது.

வெர்லீனுக்கு அந்தக் கையைத் தெரியும்.

பெர்னிஸ் சுத்தியலை எடுத்தாள். தட்டுவதற்கு முன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முறைக்காகக் கேட்பது. இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

"இந்த மனுஷனுக்கு விரோதமா வேற யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?"

கேட்டுவிட்டுச் சுத்தியலை ஓங்கினாள்.

வெர்லீன் எழுந்தாள். சந்தோஷம் தாங்காமல் எழுந்துவிட்டாள் என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள். அவள் கூடத்தின் குறுக்கே நடந்தாள். நடந்தபடியே சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள். முதலில் இடது கை, பிறகு வலது.

பழுத்து மஞ்சளான விரல் தடங்கள் தெரிந்தன. கைதட்டல் நின்றது.

இடப்பக்க நாற்காலியின் முன் குனிந்தாள். வெறும் இருக்கையிலிருந்து எதையோ இரண்டு கையாலும் தூக்கினாள். உட்கார்ந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

அது கனத்தது.