மீதி

“தலையை அசைக்காதீங்க டீச்சர். கேட்டதுக்கு டக்குடக்குனு பதில் வரணும்” என்றார் முகத்தை மூடியிருந்தவர்.

கணக்கு டீச்சர் அசையவில்லை. தலைக்குப் பின்னால் இன்னொருவர் நிற்பது அவருக்குத் தெரியும். அவர் கையில் கத்தி இருப்பதும் தெரியும்.

“98,76,54,321. ஒன்பதால வகுபடுமா?”

“இலக்கத்தையெல்லாம் கூட்டினா நாப்பத்தஞ்சு. வகுபடும்.”

“பதினேழால?”

“வகுபடும். வர்ற ஈவும் இன்னொரு தடவை பதினேழால வகுபடும்.”

“பதினொண்ணால?”

சின்னப் பிள்ளைக் கணக்கு. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் போதும். விடை தெரிந்தது, சொல்தான் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

“டீச்சர்! பதினொண்ணால?”

“வ... வ...”

“எடுங்க! கையை எடுங்க!” என்று பின்னால் நின்றவரைப் பார்த்துப் பதறினார் முகத்தை மூடியிருந்தவர்.

அடுத்த நொடியே டீச்சருக்கு வாய் வந்தது. “வகுபடாது. மீதி அஞ்சு.”

“அப்போ பேச்சு இருக்கிற இடம் இதுதான். இங்க வெட்டினா ஊமையாயிடுவாங்க” என்றார் பின்னால் நின்ற சர்ஜன், டீச்சரின் திறந்த மண்டைக்குள்ளிருந்து எடுத்த மின்கருவியைப் பிடித்தபடி.

இப்போது டீச்சரே ஒரு கேள்வி கேட்டார்.

“கட்டியில மீதி எவ்வளவு டாக்டர்?”

இந்தத் தடவை பின்னாலிருந்துதான் பதில் வரவில்லை.

“பதிமூணால வகுபடுமா, டீச்சர்?” என்று அவசரமாகக் கேட்டார் முன்னால் இருந்தவர்.