கேட்காத சத்தம்

ஸ்டெதாஸ்கோப்பை மூன்றாவது முறையாக அழுத்தி வைத்தாள் யுஸ்ரா. லப், டப். அவ்வளவுதான், அவள் தேடிய சத்தம் இல்லை. பாழாய்ப்போன காது மறுபடியும் கைவிட்டுவிட்டதே என்று அழுகை முட்டியது.

எம்.பி.பி.எஸ். கடைசிப் பரீட்சை. ஆறு மாதத்துக்கு முன்பு இதே வார்டில், இதே ஆளின் நெஞ்சில், "ஒண்ணும் கேக்கல சார்" என்று உண்மையைச் சொல்லி ஃபெயிலானவள் அவள். இன்றும் கோட்டைவிட்டால், உக்கடத்தில் தையல் மிஷின் மிதிக்கும் அத்தாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

கட்டிலில் இருந்தவர் அங்கப்பன். பரீட்சைக்குப் பரீட்சை ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு போட்டு வரவழைக்கப்படும் நோயாளி. அவருடைய சுருங்கிய இதய வால்வு எழுப்பும் 'மர்மர்' என்ற இரைச்சலைக் கேட்டே பாதி சீனியர்கள் டாக்டரானார்கள். பரீட்சை நோயாளியின் முகத்தை யார் பார்க்கிறார்கள், நெஞ்சு இருந்தால் போதாதா?

காலையில் "அங்கப்பன்!" என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வந்தார். ஆனால் நோயின் கதையை மட்டும் கடகடவென்று ஒப்பித்தார்.

"வால்வு சுருக்கமுங்க அம்மணி. சத்தம் நல்லாக் கேக்குதுன்னே சொல்லிப்போடுங்க."

"எனக்குக் கேக்கலையேண்ணா!"

"மத்தவங்களுக்கெல்லாம் கேட்டுதாமுங்க."

வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் கட்டிலருகே வந்து நின்றார். "என்னம்மா கேட்டுச்சு?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. யுஸ்ரா விழுங்கிக்கொண்டாள். "வால்வு சுருக்கம் சார். மர்மர் தெளிவாக் கேக்குது."

அவர் கையில் நோயின் பெயர் எழுதியிருந்த தாளைப் பார்த்தார். பேருக்கு ஒரு நொடி அங்கப்பனின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தார். "அருமையான மர்மர்! வெரிகுட், டாக்டர்."

அந்த 'டாக்டர்' அவளுக்குச் சந்தோஷம் தரவில்லை. சொன்ன பொய் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கேட் அருகே அங்கப்பனைப் பார்த்ததும் ஓடிப்போய் நின்றாள்.

"உங்களாலதான் தப்பிச்சேண்ணா. ஆனா நாளைக்கு உசிருக்குப் போராடுறவங்க நெஞ்சுலயும் எனக்குக் கேக்காமப் போயிட்டா? முதல்ல காது டாக்டரைப் பாக்கணும்."

அவர் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"உங்க காதுக்கு ஒண்ணுமில்லீங்க கண்ணு. போன தடவ நீங்க அழுதுட்டுப் போனதப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே ஆறலீங்க."

"நீங்க என்னண்ணா பண்ணுவீங்க?"

"அங்கப்பன் நானில்லீங்க, என்ற அண்ணனுங்க. அவரு பேருக்குக் கார்டு வந்துச்சுங்க. ஆள் போகலீன்னா உங்க பரீட்சை நின்னுபோயிருமேன்னு, ரெண்டு தடவையும் நான் வந்தேனுங்க."

அப்போதுதான் யுஸ்ரா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்ப... உங்கண்ணன்?"

"அவரு தவறி ஒரு வருஷமாச்சுங்க."