அம்மாவின் நற்சான்று

என் கணவர் நிரஞ்சனின் பயோடேட்டாவில் ஒரே ஒரு ஓட்டைதான். சாகக் கிடந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக இரண்டு வருடம் வேலையை விட்டிருந்தார். பார்த்துக்கொண்டது நான். அவர் வேலையை விட்டது மட்டும் நிஜம்.

பயோடேட்டா திருத்தும் கடைக்காரன், "அம்மா குரல் வீட்ல இருக்குல்ல சார்? அவங்களையே சிபாரிசுக்குப் போட்டுருவோம். கம்பெனிக்காரன் கேட்டா நல்லபடியா சொல்ற மாதிரி திருத்திக் கொடுத்துடறேன்" என்றான். செத்தவர்களின் குரலைப் பதில் பேசும் பெட்டியாக்கிப் பூஜை அலமாரியில் வைத்துப் பேசாத வீடு இப்போது ஏது?

"பழைய குரலையும் ஒரு பக்கம் எடுத்து வைங்க" என்றேன்.

"ரெண்டு அம்மா ரெண்டு விதமா பேசினா நான் மாட்டிக்குவேன்டி" என்று நிரஞ்சன் பழையதை அழித்துவிட்டார். பெற்றவளை அழிக்க அந்த மகானுக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.

அடுத்த வாரமே இண்டர்வியூ அழைப்புகள் குவிந்தன.

இன்று காலை, முதல் இண்டர்வியூவுக்குக் கிளம்பியவர், வழக்கம்போல அலமாரி முன்னால் போய் நின்றார்.

"பயமா இருக்கும்மா."

முன்பெல்லாம் அந்தக் குரல், "சாப்பிட்டியாடா?" என்றுதான் ஆரம்பிக்கும்.

"திரு. நிரஞ்சன் எந்த நெருக்கடியிலும் பதறாதவர்" என்றது இப்போது.

"அம்மா, நான்தாம்மா."

"அவரைத் தயங்காமல் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்."

கலங்கிய கண்களோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நேரமாச்சு, கிளம்புங்க" என்றேன். "அதான் அம்மாவே சொல்லிட்டாங்கல்ல, நீங்க பதற மாட்டீங்கன்னு."