படிக்கட்டில் பிடித்த கை

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் போட்டிருக்கிறது. அக்கா துணி தேய்க்கிறாள். தையல் ஆலை எரிந்த நாளைப் பற்றித் தான் எழுதிய கவிதையைத் தங்கை வாசித்து முடிக்கிறாள். புகைக்குள் ஒரே படிக்கட்டில் இறங்கித் தப்பியவர்கள் இருவரும். எழுத ஆரம்பித்ததிலிருந்து தங்கை இரவில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். பக்கத்தில் விழித்துக் கிடக்கும் அக்காவுக்கு அந்தக் குறட்டைமேல்கூடப் பொறாமை. வெளியே சொல்ல வெட்கம். “கழண்டு போன செருப்புக்கு ரெண்டு வரி குடுத்திருக்கே. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்த எனக்கு ஒண்ணும் கிடையாதாடி?” தங்கை தாளை மடிக்கிறாள். “உன் இன்னொரு கையைப் பிடிச்சிருந்து நழுவிப் போனது யாருன்னு நீ சொன்னதே இல்லையேக்கா. அதை நான் எப்படி எழுத?” பென்சிலை அக்கா பக்கம் நகர்த்துகிறாள். அக்கா அதைத் தொடவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அன்று தங்கையைப் பிடிக்காத இடது கையை வெயிலில் விரித்துப் பார்க்கிறாள்.