கனம் சேராத மேகம்

வற்றிப்போன ஏரிக்கு மேலே ஒரு மேகம் வந்து நின்றது. காற்றில் மிதக்கும் தூசிகளைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி ஈரத்தைச் சேர்த்துச் சொட்டாக்கிக் கீழே அனுப்புவது அதன் வழக்கம். தூசி இல்லாமல் சொட்டு இல்லை. கனம் இல்லாமல் மழை இல்லை.

அன்று ஆலைப் புகைபோக்கிகளிலிருந்து கரித்துகள்கள் கூட்டங்கூட்டமாக ஏறி வந்தன.

"எங்களுக்கும் கொஞ்சம் ஈரம் கொடுங்க" என்று மொய்த்துக்கொண்டன.

யாருக்கும் இல்லையென்று சொல்லிப் பழகாத மேகம், இருந்த ஈரத்தை எல்லோருக்கும் பங்கு போட்டது. ஊசிமுனை அளவுகூட யாருக்கும் கிடைக்கவில்லை. வானம் இருண்டதே தவிர ஒரு சொட்டும் இறங்கவில்லை.

ஏரியில் ஒரே ஒரு குட்டை மிச்சமிருந்தது. அதிலிருந்த தவளை அண்ணாந்து கத்தியது: "அக்கா, சும்மா நிக்கிறியே, பெய்ய மாட்டியா?"

"பெய்யத்தான் பாக்கறேன். கனமே சேரலையே!" என்றது மேகம்.

வெயில் ஏறியது. குட்டையின் கடைசி ஈரமும் ஆவியாகி மேகத்திடம் வந்து சேர்ந்தது.

"நீயும் வந்துட்டியா? தவளை எப்படி இருக்கு?" மேகம் பதறியது.

"வாயைத் திறந்து திறந்து மூடுது. உடனே திரும்பி வான்னு சொல்லித்தான் அனுப்பிச்சுது. சீக்கிரம் என்னை இறக்கிவிடு!"

அதற்குள் கரித்துகள்கள் அந்த ஈரத்தையும் சூழ்ந்துகொண்டன.

"எங்களுக்கும் கொஞ்சம்..."

மேகத்துக்கு அப்போதும் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. பங்கு போட்டு முடித்துவிட்டு, பயத்தோடு கீழே காது கொடுத்தது.

அக்கா என்று யாரும் கூப்பிடவில்லை.