கிழிபட்ட நாடகம்

பத்திரிகையை நான்காக மடித்து மேசைமேல் போட்டார் அண்ணன். மடிப்பின் மேல்பக்கத்தில் தம்பியின் பெயர் இருந்தது. அதன் கீழே, எழுதியவர் என்று தம்பி மகளின் பெயரோடு மேடையேறிய புது நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தது விமர்சனம்.

"படிச்சவன்லாம் போன் பண்ணி எங்கிட்ட துக்கம் விசாரிக்கிறான். பெத்த பொண்ணுடா அவ."

தம்பி உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். நாடக விமர்சகர், கவிஞர். பல வருஷமாக எவரையும் விட்டு வைத்ததில்லை. இவர் எப்போது சறுக்குவார் என்று ஊரில் பாதி நடிகர்கள் காத்திருந்தார்கள்.

முதல் நாள் காட்சியிலும் அவர் இப்படித்தான் நிலைகொள்ளாமல் இருந்தார். வழக்கமான முன்வரிசை நாற்காலியை விட்டுவிட்டு, அரங்கின் பின்சுவரோரம் நின்றபடியே முழு நாடகத்தையும் பார்த்தார்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் இடத்தை உரக்கப் படித்தார். "'இந்த நாடகத்தில் தபால்காரர்கூடக் கவிதையில்தான் பேசுகிறார். அவர் தபாலைக் கொடுப்பதற்குள் இடைவேளை வந்துவிடுகிறது.' இது உனக்கே நல்லா இருக்கா?"

தம்பியின் முகம் சுருங்கியது. மனசாட்சி குத்துகிறது என்று அண்ணன் எடுத்துக்கொண்டார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வீட்டுப் பிள்ளையின் குறையை வீட்டுக்குள் சொல்லலாம். ஊரைக் கூட்டிச் சொல்வது எந்தக் குடும்பத்துக்கும் அழகல்ல. போதாக்குறைக்கு, கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தம்பியின் விமர்சனங்களைத் தட்டச்சு செய்து பத்திரிகைக்கு அனுப்புவது அந்த மகள்தான்.

"அவ தலையில போடற கல்லை அவ கையாலயே தூக்க வெச்சிருக்கே. உன் கவிதைப் புத்தகம் வந்தப்போ நான் என்ன செஞ்சேன்? ஒரு வரி புரியாமலே ஊரெல்லாம் புகழ்ந்தேன். குடும்பம்னா அதுதான்டா."

மீதிக் காட்சிகளுக்கு யாரும் வரமாட்டார்கள், நாடகக் குழு இனி அவளை நம்பி மேடை ஏற்றாது என்று அடுக்கினார். அடுத்த இதழில் நாடகத்தைப் பாராட்டி நாலு வரி எழுத வேண்டும். இல்லையென்றால் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கப் போவதில்லை என்றார்.

தம்பி ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார்.

"என்னால முடியாதுண்ணே. அதை நான் பாராட்டி எழுதினா அசிங்கம்."

யாருக்கு அசிங்கம் என்று கேட்டார் அண்ணன். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

உள்ளறையிலிருந்து வந்த மகள் கதவை மறித்து நின்றாள். வேண்டாம் என்று அப்பா கையை ஆட்டினார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"போகாதீங்க பெரியப்பா. நாடகம் அப்பா எழுதினது. விமர்சனம்தான் நான் எழுதினது."