வெட்டிட்டா போச்சு

மீன்கண் லென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு, தங்கள் காலையே படமெடுப்பதுதான். வானம், மலை, எடுப்பவரின் கால் என்று சுற்றி இருப்பதையெல்லாம் அது விழுங்கிவிடும். அவள் அந்தத் தப்பைத் தாண்டிப் பத்து வருடமாகிறது. நேற்றிரவு மலையுச்சியில் கேமராவைத் தானாகவே எடுக்கும்படி வைத்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

காலையில் கணினியில் பார்த்தால், பால்வீதி வில்லாக வளைந்து கிடந்தது. போட்டியில் பரிசு தனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான். “கீழ பாரு, உன் கால் விழுந்திருக்கு.”

படத்தின் அடி விளிம்பில் இரண்டு வெறுங்கால்கள். வலது பெருவிரலில் ஒரு மச்சம்.

“நான் கார்லதானே இருந்தேன்.”

“மச்சம் உன்னுதுதான்.”

“இருந்துட்டுப் போகட்டும். வெட்டிட்டா போச்சு.”

மதியத்துக்குள் படம் போட்டிக்குப் போயாக வேண்டும். ஓரத்தை நறுக்கினாள். படம் முன்னைவிட எடுப்பாக இருந்தது. அனுப்பிவிட்டுக் காபி போட எழுந்தாள்.

“ஈரம் காயல. நீ மிதிச்சா தடம் விழும், மறுபடி நான்தான் துடைக்கணும்” என்றான்.

அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வெறுங்காலோடு கூடத்தைக் கடந்து போனாள். காபியோடு அதே வழியில் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே துடைப்பானை எடுத்து வந்தான். குனிந்து பார்த்தான். சமையலறை வாசல்வரை ஈரம் கலையாமல் பளபளத்தது. துடைக்க ஒரு தடம்கூட இல்லை.